கதவைச் சாத்துங்கடி!

விசாகப்பட்டினம்,
12 நவம்பர் 2003

அக்காவுக்கு,

உன் கார்டு வந்தது. ஹாஸ்டல் வார்டனம்மா எல்லாருடைய கார்டையும் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். இதைக் கொடுக்கும்போது மட்டும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் என்ன பெரிதாகக் கேட்டுவிட்டேன்? மார்ச் ஆறாம் தேதி பட்டமளிப்பு விழா. நம் வீட்டில் முதல் பட்டம். ஒரு பட்டத்துக்கு ஒரு விருந்தினர் அட்டைதான். அதில் 'சுவார்த்தா, அக்கா' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன், வா என்றேன். நீ மூன்று வரியில் பதில் போட்டிருக்கிறாய். 'ஹாலில் தக்கர உட்கார முடியாது. நான் வரமாட்டேன். வேளைக்குச் சாப்பிடு.'

பக்கத்தில், தக்கர, உட்கார முடியாதா? என் அருகில் வந்து உட்கார முடியாத அளவுக்கு நான் என்ன செய்தேன் அக்கா?

தசரா விடுமுறைக்கு வந்தபோதே பார்த்தேன். கேட்கவில்லை. எனக்குக் கேட்க வராது, பார்க்கத்தான் வரும். நீ வாசலை ஒட்டிப் பாய் போட்டுப் படுத்தாய். நான் சுவரோரம் ஒண்டிக்கொண்டு இடம் விட்டேன், நீ வரவில்லை. சினிமாவுக்குக் கூப்பிட்டேன், தலைவலி என்றாய். ஒரு நாளைக்கு மூன்று முறை சேலை மாற்றினாய். காலேஜில் படிக்கும் தங்கைக்கு மிளகாய் நெடி ஆகாதென்று மாற்றுகிறாயோ என்று நினைத்துக் குன்றிப்போனேன். நீ சிரித்தால் மூன்று வீடு தள்ளிக் கேட்கும். உன் வீட்டுக்காரர், நம் பாவா, கோழியைத் துரத்திக்கொண்டு போய்ச் சாக்கடையில் விழுந்தாரே, அப்போதுகூட நீ சிரிக்கவில்லை. முகத்தை மூடிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாய்.

போன் பூத்தில் பேசினால் 'ம்' மட்டும் சொல்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன். நீ வராவிட்டால் நான் மேடை ஏறப் போவதில்லை. பட்டத்தைத் தபாலில் வாங்கிக்கொள்ள ஒரு பாரம் இருக்கிறது. வாங்கி வைத்துவிட்டேன். கடைசி நாள் பிப்ரவரி இருபது.

ஜீவமணி


குண்டூர்,
19 நவம்பர்

ஏ சின்னி,

பதினைந்து வருஷம் படித்தும் உனக்குத் தாய்மொழித் தெலுங்கு படிக்கத் தெரியவில்லை. அது 'தக்கர' இல்லைடி கழுதை. 'தக்குதோ'. தக்கு! லொக்கு லொக்கு! இருமலோடு உட்கார முடியாது என்று எழுதினேன். கொம்பு போடாமல் விட்டிருப்பேன், 'தோ'வும் 'ர' மாதிரி விழுந்திருக்கும். நாள் முழுக்க மிளகாய்க் காம்பு கிள்ளுகிற விரல், அதற்கு மேல் கொம்பும் போடு என்றால் போடுமா?

சொன்னது புரிந்ததல்லவா? நீ தபால் பாரத்தைக் கிழித்துப் போடு. உன் சிநேகிதி யாரையாவது அந்த நாற்காலியில் உட்கார வை. இதோடு கடிதத்தை முடித்துவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. 'என்ன செய்தேன் அக்கா' என்று எழுதிவிட்டாயே.

இருமினால் எனக்கு என்ன வெட்கம்? கோல்டு ஸ்டோரேஜ் கொட்டகையில் நாற்பது பேர் உட்கார்ந்து கிள்ளுகிறோம், நாற்பது பேரும் இருமுகிறோம். விஷயம் அது இல்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, மூன்று நாளாக இந்த வரிக்கு வந்து வந்து எழுந்து போகிறேன்.

இருமினால் சேலை நனைகிறது. போதுமா? தும்மினாலும் சிரித்தாலும் அதே கதைதான். சின்னவன் பிறந்த பிறகு எப்போதாவது இருந்தது. இந்த இரண்டு வருஷ இருமல் வந்து தினப்படி ஆக்கிவிட்டது. அதனால்தான் உன் பக்கத்தில் படுக்கவில்லை. சேலை மாற்றியதும் அதனால்தான். சர்ச்சில் பாட எழுந்து நிற்பதையும் விட்டுவிட்டேன். பாவா சாக்கடையில் விழுந்ததற்கு எனக்கு வந்த சிரிப்பு இருக்கிறதே, தேவா! வாழைமரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மூன்று மணி நேரம், அத்தனை பெரிய மனிதர்கள் நடுவில், மெத்தை வைத்த நாற்காலியில். நீயே சொல்.

உறையைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருக்கிறேன். உங்கள் வார்டனம்மா பிரித்தால் அவளுக்கும் இருமல் வரட்டும். படித்ததும் கிழித்துவிடு. யாரிடமும் சொல்லாதே.

சுவார்த்தா


விசாகப்பட்டினம்,
3 டிசம்பர்

அக்காவுக்கு,

கிழிக்கவில்லை. ஒருவரிடம் சொல்லியும்விட்டேன். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

கடற்கரைப் பக்கம் பெண்களுக்கான ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருக்கிறது. இரண்டு நாள் வாசல் வரை போய்த் திரும்பினேன். மூன்றாம் நாள் மழை வந்தது, ஒதுங்க இடம் இல்லாமல் உள்ளே போய்விட்டேன். டாக்டர் அனசூயா என்று பெயர். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். அக்காவுக்கு என்று சொன்னால் உன்னைக் காட்டிக்கொடுத்ததாக ஆகிவிடுமே என்று, எனக்குத்தான் என்று சொல்லிவிட்டேன்.

"எத்தன நாளா இருமல்?"

"ரெண்டு வருஷமா மேடம்."

"கொழந்தைங்க?"

"ரெண்டு மேடம்."

சீட்டைப் பார்த்தார். அதில் செல்வி ஜீவமணி, வயது இருபத்தொன்று என்று இருந்தது.

"எங்க, ஒரு தடவ இருமு பாப்போம்."

இருமினேன். நாடகத்தில் ராஜா சபைக்கு வருவதற்கு முன்னால் இருமுவாரே, அது மாதிரி வந்தது.

"ரொம்ப நல்லா இருமுற. இப்ப நெசத்தச் சொல்லு. யாருக்கு?"

'என் அக்காவுக்கு' என்று சொல்லி அழுதுவிட்டேன் அக்கா. உனக்குத்தான் என்னைத் தெரியுமே.

"அழுவாத. வாரத்துக்குப் பத்துப் பேரு இதே நாற்காலில உக்காந்து 'என் சிநேகிதிக்கு'ன்னு தன் கதையச் சொல்லுவாங்க. அக்கா கதையத் தன்னுதுன்னு சொல்லிக்கிட்டு வந்தவ நீ ஒருத்திதான்."

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அடிவயிற்றுக்குக் கீழே, எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு ஒரு தசை, தொட்டில் துணி மாதிரி விரிந்திருக்கிறதாம். ஒவ்வொரு இருமலும் அதன் மேல் விழுகிற ஒரு குத்து. பிள்ளை பெற்றுத் தளர்ந்த தசைமேல் நாளுக்கு நூறு குத்து விழுந்தால் எப்படித் தாங்கும்? நீண்ட நாள் இருமல் உள்ள பெண்களில் பலருக்கு இது இருக்கிறது, இருமலுக்கு மருந்து கேட்பார்கள், இதைச் சொல்லவே மாட்டார்கள் என்றார். அதனால் முதலில் இருமலைப் பார்க்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் சளியைப் பரிசோதிக்கக் கொடு. நெஞ்சையும் பார்க்கச் சொல். கிள்ளும்போது மூக்கை ஈரத்துணியால் கட்டிக்கொள். பயந்துகொண்டு தண்ணீர் குடிக்காமல் இருக்கிறாய் இல்லையா, அது இன்னும் எரிச்சலைத்தான் கொண்டுவருமாம்.

அப்புறம் ஒரு பயிற்சி. எழுதக் கூச்சமாக இருக்கிறது, எழுதுகிறேன். ஒன்றுக்குப் போவதைப் பாதியில் நிறுத்துவது போல உள்ளே இறுக்கிக்கொண்டு, பத்து எண்ணி, விட வேண்டும். ஒரு வேளைக்குப் பத்துத் தடவை, நாளுக்கு மூன்று வேளை. "கதவுக் கீல் தளந்துருக்குன்னு வெச்சுக்க. தெனமும் முறுக்கினா இறுகும். இருமல் வரப்போவுதுன்னு தெரிஞ்சதும், அது வர்றதுக்கு முன்னாடியே கதவச் சாத்தச் சொல்லு" என்றார்.

மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் தெரியுமாம். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. அடுத்த மாதம் எது என்று விரல் விட்டு எண்ணிப் பார்.

ஜீவமணி


குண்டூர்,
18 டிசம்பர்

வெட்கங்கெட்டவளே,

கல்யாணம் ஆகாத பெண், ஊர் பேர் தெரியாத ஆஸ்பத்திரியில் போய் இரண்டு பிள்ளை பெற்றேன் என்றா சொல்வாய்? அங்கே ஒரு குண்டூர்க்காரன் இருந்திருந்தால் உன் பாவா தலையில் முக்காடு போட்டுக்கொண்டு வேறு ஊருக்குப் போக வேண்டியதுதான்.

உன் கடிதத்தை அரிசிப் பானைக்குள் போட்டு மூன்று நாள் பேசாமல் இருந்தேன். நாலாம் நாள் எடுத்துப் படித்தேன். அப்புறம் தினமும் படிக்கிறேன்.

சளியில் காசநோய் இல்லை. அந்தப் பயம் எனக்கு இருந்தது, உன்னிடம் சொல்லவில்லை. மிளகாய்த் தூசி மூச்சுக் குழாயைப் புண்ணாக்கியிருக்கிறதாம். வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்து கொடுத்தார்கள். பாவா அதையும் ஒரு இழு இழுத்துப் பார்த்துவிட்டு, "பீடி அளவுக்கு இல்ல" என்றார்.

பயிற்சியில்தான் சண்டை வந்தது. பத்து எண்ணும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இறுக்குகிறேனா, முகம் குண்டூர்ச் சன்ன மிளகாய் மாதிரி ஆகிவிடுகிறது. சாப்பாடு போடும்போதும் செய்தேன். பாவா தட்டைத் தள்ளி வைத்தார்.

"இப்ப எதுக்குடி மொறைக்கிற? பருப்புல உப்பு இல்லன்னு சொன்னது ஒரு குத்தமா?"

"மொறைக்கல. எண்ணுறேன்."

"எதை?"

"உங்க குத்தத்த."

மனுஷன் உப்பில்லாமலே சாப்பிட்டுவிட்டுத் தட்டையும் கழுவி வைத்தார். இந்தப் பயிற்சியில் இந்த லாபமும் இருக்கிறது என்று உன் டாக்டரம்மாவிடம் சொல்.

இன்னொன்று. கிள்ளும்போது எனக்குப் பக்கத்தில் நாஞ்சாரம்மா உட்காருவாள். நேற்று கேட்டாள்: "என்னடி, ஒரு வாரமா வாய்க்குள்ளயே எண்ணிக்கிட்டிருக்க? ஜெபமா?" எனக்கு என்ன வந்ததோ, சொல்லிவிட்டேன். அவள் கிள்ளுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "உனக்குமா?" என்றாள். அவளுக்கு அந்தப் பக்கம் பீபீஜான். அவள் நாஞ்சாரம்மாவைப் பார்த்து, "உனக்குமா?" என்றாள். அந்த 'உனக்குமா' அப்படியே வரிசையில் கடைசி வரை போய்த் திரும்பி வந்தது. நாற்பது பேரில் இருபத்தாறு பேர் சின்னி! இத்தனை வருஷம் தோளோடு தோள் உட்கார்ந்து, அடுத்தவள் வாசனை பிடித்துவிடுவாளோ என்று ஒவ்வொருத்தியும் ஒதுங்கி ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறோம்.

மார்ச் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. எண்ணிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

சுவார்த்தா


விசாகப்பட்டினம்,
26 டிசம்பர்

அக்கா,

மூச்சைப் பிடிக்கக் கூடாது! மூச்சு அது பாட்டுக்குப் போய் வர வேண்டும். வயிற்றையும் தொடையையும் இறுக்காதே, உள்ளே மட்டும். வெளியே பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமே தெரியக் கூடாது. மறுபடி போய்க் கேட்டு வந்தேன். இந்த முறை வாசலில் திரும்பவில்லை.

கடைசிப் பரீட்சையால் கிறிஸ்துமஸுக்கு வர முடியவில்லை. நீ பாடினாயா?

ஜீவமணி


குண்டூர்,
22 ஜனவரி 2004

சின்னி,

பாடினேன். உட்கார்ந்துகொண்டுதான். மூன்றாவது சரணத்தில் எழுந்து நின்றுவிட்டேன்.

இப்போது கேள். எங்கள் கொட்டகையில் ஒரு புது வழக்கம். வற்றல் மூட்டையைக் கொட்டினால் தூசி கிளம்பும், எல்லாருக்கும் இருமல் வரும். யார் முதலில் பார்க்கிறாளோ அவள் "கதவைச் சாத்துங்கடி!" என்று குரல் கொடுப்பாள். நாற்பது பேரும் உள்ளே சாத்திக்கொள்வோம். அப்புறம் இருமுவோம்.

மேஸ்திரி கோட்டய்யாவுக்கு இது தெரியாது. குளிர் அறைக் கதவு திறந்து கிடந்தால் முதலாளி அவரைத்தான் பிடிப்பார். "கதவு" என்று கேட்டதும் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடுவார். போய்ப் பார்த்தால் அது பூட்டியிருக்கும். நாலு நாள் ஓடினார். ஐந்தாம் நாள் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"எந்தக் கதவும்மா? எல்லாக் கதவும் சாத்தித்தான கெடக்கு!"

பீபீஜான் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "இது எங்க கதவு மேஸ்திரி. நீங்க ஓடி வந்து சாத்த முடியாது."

கொட்டகை கிடுகிடுத்தது. சிரிப்பு நடுவிலேயே நாஞ்சாரம்மா, "ஐயோ, சாத்துங்கடி, சாத்துங்கடி!" என்று கத்தினாள். சில பேர் சாத்தினோம். சில பேருக்கு நேரம் கிடைக்கவில்லை.

அந்த வேகத்தில் நாஞ்சாரம்மா அவரிடமே உடைத்துச் சொல்லிவிட்டாள். கக்கூஸ் சாவியை மடியில் வைத்துக்கொண்டு நாளைக்கு இரண்டு முறை கொடுக்கிறவர் அவர்தானே. கேட்டார். காது சிவந்தது. திரும்பிப் போனார். மறுநாள் காலையில் சாவி, தூணில் ஆணியடித்து, எல்லாருக்கும் எட்டும் உயரத்தில் தொங்கியது.

நேற்று என்னிடம் தனியாக வந்தார். "அம்மா சுவார்த்தா, எங்க வீட்டம்மாவுக்கும் வருஷக்கணக்கா இருமல். எங்க கூப்புட்டாலும் வர மாட்டேங்குறா. அந்தக் கதவு சமாச்சாரத்த ஒரு காயிதத்துல எழுதிக் குடேன். நான் குடுத்தேன்னு சொல்ல மாட்டேன், கூரை எரவாணத்துல சொருகி வெச்சுடுறேன்."

எழுதிக் கொடுத்தேன். கொம்பெல்லாம் போட்டு.

எனக்கு இப்போது நாளுக்கு ஒரு சேலைதான்.

சுவார்த்தா


விசாகப்பட்டினம்,
5 பிப்ரவரி

அக்கா,

அட்டை இத்துடன் இருக்கிறது. ஹாலைப் போய்ப் பார்த்தேன். அட்டையில் நடு இருக்கை போட்டிருந்தார்கள். அலுவலகத்தில் அத்தனை பேர் வரிசையில் நிற்கும்போது, "என் அக்காவுக்கு ஓரத்து இருக்கை வேணும்" என்றேன். குமாஸ்தா, "கேக்கல, சத்தமா" என்றார். சத்தமாகச் சொன்னேன். நானா என்று எனக்கே சந்தேகம். இப்போது உனக்கு எட்டாம் வரிசை, ஓரம். அங்கிருந்து கழிப்பறைக்கு முப்பத்தெட்டு அடி. நடந்து எண்ணினேன்.

ஜீவமணி


குண்டூர்,
14 பிப்ரவரி

சின்னி,

அட்டையைத் திருப்பி அனுப்புகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

புது அறுவடைச் சரக்கு இறங்கிவிட்டது. கொட்டகை முழுக்கச் சிவப்புப் புகை. ஈரத்துணிக்கும் அடங்கவில்லை. இருமல் பழையபடி வந்துவிட்டது. திங்கட்கிழமை டவுன் பஸ்ஸில் ஒரு இருமல், கதவு கிதவு எதுவும் கேட்கவில்லை. எழுந்தபோது சீட்டை ஒரு பெண் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். வீடு வரை நடந்தே வந்தேன்.

பஸ் சீட்டு போகட்டும். உன் நாளில், உன் ஹாலில் அப்படி ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டு அப்புறம் உன்னைப் பார்த்தால்? வேண்டாம். மிளகாய்ச் செடியைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்குகிறாய், மிளகாய் கிள்ளுகிறவள் இங்கிருந்தே கை தட்டுகிறேன்.

சுவார்த்தா


விசாகப்பட்டினம்,
19 பிப்ரவரி

அக்கா,

அம்மா செத்தபோது எனக்கு ஆறு வயது. ஒன்பது வயது வரைக்கும் நான் உன் பாயை எத்தனை நாள் நனைத்திருப்பேன்? நினைவிருக்கிறதா? எனக்கு இருக்கிறது. ஒருநாள்கூட நீ என்னைத் தள்ளிப் படுக்கச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டம்மா பாயைப் பார்த்து, "யாரு வேலைடி இது?" என்று கேட்டபோது, "நாந்தான், தண்ணிச் செம்பத் தட்டி விட்டுட்டேன்" என்றாய். தினமுமா ஒருத்தி செம்பைத் தட்டுவாள்?

டாக்டரிடம் நான் சொன்ன பொய்யை எங்கே கற்றேன் என்று நினைக்கிறாய்?

புதுத் தூசியில் இருமல் திரும்புவது இயல்பாம், மருந்தின் அளவை மாற்றித் தருவார்களாம், பயிற்சியை விடக் கூடாதாம். கேட்டுவிட்டேன். கனமான துணி வைத்துக்கொண்டு, அடர்ந்த நிறச் சேலை கட்டிக்கொண்டு வா. நனைந்தால் நனையட்டும்.

தபால் பாரத்தைக் கிழித்துவிட்டேன். நாளையோடு கெடு முடிகிறது. இனி நீ வந்தால்தான் பட்டம். அட்டை மறுபடி இத்துடன்.

ஜீவமணி


குண்டூர்,
26 பிப்ரவரி

போக்கிரி,

பாயை ஞாபகம் வைத்திருக்கிறாய்.

மருந்து மாற்றிவிட்டார்கள். மேஸ்திரி என்னைத் தூசி வராத பக்கம் உட்கார வைத்திருக்கிறார். நாஞ்சாரம்மா தன் கருநீலச் சேலையைக் கொடுத்தாள். "நனைஞ்சாலும் தெரியாது. நான் ஆறு கல்யாணத்துக்குக் கட்டிட்டுப் போயிருக்கேன்" என்றாள்.

ஐந்தாம் தேதி பகல் வண்டி. ஸ்டேஷனுக்கு வா. கோங்கூரா ஊறுகாய் கொண்டுவருகிறேன்.

சுவார்த்தா


விசாகப்பட்டினம்,
9 மார்ச்

அக்கா,

உன்னை ரயிலேற்றிவிட்டு வந்ததிலிருந்து ஹாஸ்டலில் எல்லாரும் உன்னைப் போலச் சிரித்துக் காட்டுகிறார்கள்.

நான் என்ன செய்வேன்? மேடை விளக்கில் கண் கூசியது. பட்டுத்துணி போட்ட தட்டோடு நின்றவர்தான் துணைவேந்தர் என்று நினைத்து, பியூனுக்கு இடுப்பு வரை வளைந்து கும்பிடு போட்டேன். துணைவேந்தர் பக்கத்தில் பட்டத்தை நீட்டியபடி நின்றார். பியூன் பயந்து எனக்குப் பதில் கும்பிடு போட்டார், தட்டோடு. பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் என்று நின்றேன்.

அப்போது எட்டாம் வரிசை ஓரத்திலிருந்து வந்தது. மூன்று வீடு தள்ளிக் கேட்கிற சிரிப்பு. இரண்டு வருஷமாக நான் கேட்காத சிரிப்பு. அப்புறம் ஹாலே சிரித்தது. துணைவேந்தரும் சிரித்துவிட்டு, "யாரும்மா அது?" என்றார்.

"என் அக்கா."

மைக் பக்கத்தில் இருந்தது எனக்குத் தெரியாது. நான் மைக்கில் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

பட்டம் வாங்கியவர்கள் முன் வரிசைக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். என் கால்கள் எட்டாம் வரிசைக்குப் போயின. அங்கியோடு உன் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். நீ நகரவில்லை.

ஸ்டேஷனில் ஒன்று கேட்க நினைத்தேன். வழக்கம் போலக் கேட்கவில்லை. சிரித்தாயே, கதவு?

ஜீவமணி


குண்டூர்,
15 மார்ச்

பி.எஸ்ஸி. சின்னி,

கதவா? நீ பியூனுக்குக் கும்பிடு போடப்போகிறாய் என்று யாருக்குடி தெரியும், முன்கூட்டியே சாத்துவதற்கு? கொஞ்சம் போனது. நாஞ்சாரம்மாவின் சேலை ஏழாவது விசேஷத்தையும் தாங்கிக்கொண்டது. நீ எண்ணி வைத்த முப்பத்தெட்டு அடியில் ஒரு அடிகூட நான் வைக்கவில்லை. எழுந்து ஓட வேண்டும் என்றே தோன்றவில்லை. அந்தப் பியூன் திரும்பக் கும்பிட்டானே, அதைப் பார்க்காமல் யாராவது எழுந்து போவார்களா?

கொட்டகையில் அந்தக் கதையைப் பன்னிரண்டு முறை சொல்லிவிட்டேன். ஒவ்வொரு முறையும் கும்பிடு வரும் இடத்துக்கு முன்னால் மேஸ்திரியே குரல் கொடுக்கிறார், "சாத்துங்கம்மா!" என்று. அவர் வீட்டம்மா போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாளாம். எரவாணத்துக் காகிதம் யார் எழுதியது என்று கேட்கவே இல்லையாம்.

இருமல் முழுதாகப் போகவில்லை. போகும், மெதுவாக. மறு பட்டம் எப்போது? இரண்டு அட்டை கேட்டு வை, நாஞ்சாரம்மாவும் வருகிறாளாம். இந்த முறை கொம்பெல்லாம் சரியாகப் போட்டு, பெரிய எழுத்தில் எழுதுகிறேன். ஒழுங்காகப் படி.

தக்குதோ, உன் தக்கர உட்காருவேன்.

சுவார்த்தா